எக்சசைஸ் பண்றதில்லனு சொல்ற ஆளுங்க

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மலேசியாவுல பேராக் மாநிலத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஹார்ட் ரீஹேப்ல வேலை, அதாவது அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சவங்க, பைபாஸ் பண்ணவங்க, இவங்கள திரும்ப நடக்க வெச்சு, படி ஏற வெச்சு, மனசுல இருக்குற பயத்தயும் போக்கி வீட்டுக்கு அனுப்புறது. வீடு சுங்கை சிப்பூட்ல. பால்மரக் காட்டுல, அதாவது ரப்பர் தோட்டத்துல வளந்தவன், இப்ப அந்தக் காடு முக்காவாசி செம்பனை (பாமாயில் மரம்) ஆயிடுச்சு, தாமான் (வீட்டுக் குடியிருப்பு) ஆயிடுச்சு. இந்த விஷயத்த எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, கொஞ்சம் நீளமாதான் வரும், பொறுமையா படிங்க.

எங்ககிட்ட வர்ற எல்லார்கிட்டயும் ஒரு ஃபார்ம் வெச்சு கேப்போம், வாரத்துல எத்தன நாள் எக்சசைஸ் பண்ணுவீங்க, ஒரு தடவைக்கு எத்தன நிமிஷம்னு. நம்ம ஆளுங்க, அதுவும் அறுபது தாண்டின பொம்பளைங்க, யோசிக்கவே மாட்டாங்க, "அதெல்லாம் எங்க தம்பி, நமக்கு ஏது அதுக்கு நேரம்"னு சொல்லிடுவாங்க. ஃபார்ம்ல சைபர் விழுந்துடும். அதே அம்மா காலையில எழுந்து வாசல் கூட்டி, ரெண்டு வாளி தண்ணிய பின்பக்கம் தூக்கிட்டுப் போயி செடிக்கு ஊத்தி, மார்க்கெட்டுக்கு நடந்து போயி, ரெண்டு கையிலயும் பை தொங்க மேட்டுல ஏறி வந்து, பேரப்பிள்ளைய இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு சமைக்கிற ஆளு. இதெல்லாம் அவங்களுக்கு எக்சசைஸ் இல்ல, வேலை. ஃபார்முக்கும் அது தெரியாது. அந்த சைபர பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும், இது பொய்யில்ல ஆனா உண்மையும் இல்லயேனு.

இந்த இடத்துலதான் எமானுவேல் ஸ்டமட்டாக்கிஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்த ஆய்வு நடந்தப்ப சிட்னி பல்கலைக்கழகத்துல இருந்தாரு. அவரு குழு பிரிட்டன்ல இருக்குற யூகே பயோபேங்க்கோட தகவல எடுத்து வேலை செஞ்சுது. பயோபேங்க்னா 2006லேந்து 2010 வரைக்கும் 40லேந்து 69 வயசுக்குள்ள இருக்குற 5 லட்சம் பேர சேர்த்து, ரத்தம், மரபணு, பழக்கவழக்கம்னு எல்லாத்தயும் எழுதி வெச்சு, அவங்களுக்கு பின்னால என்ன வியாதி வருதுனு வருஷக்கணக்கா கவனிக்கிற ஒரு பெரிய ஏற்பாடு. அதுல 2013லேந்து 2015க்குள்ள ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்கு மணிக்கட்டுல கட்டிக்கிற ஒரு சின்ன கருவிய தபால்ல அனுப்பி வெச்சு, ஏழு நாள் கழட்டாம கட்டிக்கோங்க, தூங்கும்போதும் குளிக்கும்போதும் கூடனு சொன்னாங்க. அதுல திரை கிடையாது, நம்பர் காட்டாது, எத்தன அடி நடந்தீங்கனும் சொல்லாது. உள்ள இருக்குற ஆக்சிலரோமீட்டர் கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா அசையுதுனு மூணு திசையிலயும் ஒரு நொடிக்கு 100 தடவ எழுதிக்கிட்டே இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு திசைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 86 லட்சம் எண்ணுக்கு மேல. அந்தக் குவியலதான் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்து, இந்தப் பத்து நொடி நடை, இந்தப் பத்து நொடி உக்காந்திருக்காரு, இது மூச்சு வாங்குற வேகம்னு பிரிக்கக் கத்துக்குடுத்தாங்க.

பயோபேங்க்லயும் நம்ம ஃபார்ம் மாதிரியே கேள்வி இருந்துச்சு. ஸ்டமட்டாக்கிஸ் குழு என்ன பண்ணுச்சுனா, அந்தக் கேள்விக்கு "நான் எக்சசைஸ், விளையாட்டு எதுவும் பண்றதில்ல"னு பதில் சொன்னவங்கள மட்டும் தனியா எடுத்தாங்க. 25,241 பேர், சராசரி வயசு 62 கிட்ட. சைபர்காரங்கனு வெச்சுக்குங்க. இப்ப இவங்க கருவியில என்ன பதிவாயிருக்குனு பார்த்தா, பத்துல கிட்டத்தட்ட ஒம்போது பேர் தினமும் சின்னச் சின்னதா, ஒரு நிமிஷம் கூட முழுசா வராத அளவுக்கு, மூச்சு இரைக்க ஏதோ பண்ணியிருக்காங்க. பஸ்ஸ பிடிக்க வேகமா ஓடுறது, மேடு ஏறுறது, கனமான பைய தூக்கிட்டு படி ஏறுறது. யாரும் ஞாபகம் வெச்சு ஃபார்ம்ல எழுதுற விஷயமே இல்ல. அந்தமாதிரி தினம் மூணு தடவ, ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் வந்தவங்களுக்கு, ஒரு தடவ கூட வராதவங்களோட ஒப்பிட்டா, அடுத்த ஏழு வருஷ கவனிப்புல இருதய வியாதியில சாகுற வாய்ப்பு 48, 49 சதவீதம் குறைவா இருந்துச்சு. 2022ல நேச்சர் மெடிசின் இதழ்ல வந்துச்சு. 2024ல அதே குழு ஆண் பெண்ண தனித்தனியா பிரிச்சுப் பார்த்தப்ப, சராசரியா ஒரு நாளைக்கு மூணரை நிமிஷம் கூட முழுசா வராத இந்த மூச்சு வாங்குற வேலையால, எக்சசைஸே பண்ணாத பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வாய்ப்பு பாதியா இருந்துச்சு, ஆம்பளைங்களுக்கு அவ்வளவு தெளிவா தெரியல. நான் இத படிச்ச அன்னிக்கு எனக்கு நம்ம ஊரு அம்மாங்க முகம்தான் வரிசையா வந்துச்சு.

ஒண்ணு சொல்லிடணும், இது ஒரு வாரம் கருவி கட்டி, பல வருஷம் தள்ளி நின்னு பார்த்த ஆய்வு. உடம்பு ஏற்கனவே சரியில்லாதவங்க குறைவா அசைவாங்க, சீக்கிரமும் போவாங்க, அந்த சிக்கல முழுசா பிரிச்சு எடுக்குறது கஷ்டம், ஆராய்ச்சி பண்ணவங்களே இத ஒளிக்காம எழுதியிருக்காங்க. பயோபேங்க்ல சேர்ந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, சராசரி பிரிட்டன்காரங்கள விட கொஞ்சம் வசதியானவங்க, ஆரோக்கியமானவங்க. அதனால அந்த 49 சதவீதத்த அப்படியே தூக்கிட்டு வந்து சுங்கை சிப்பூட்ல போட முடியாது. ஆனா நான் ரீஹேப் ஜிம்ல தினமும் பார்க்குறதுக்கு இது ஒத்துப்போகுது. கொஞ்சமா இரைக்க வெச்சா இருதயத்தோட தாக்குப் பிடிக்கிற சக்தி ஏறுது, சர்க்கரைய தசை நல்லா இழுத்துக்குது, அதுக்கு ஒரு மணி நேர ஜாகிங் தேவையில்ல. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டியில, குறைஞ்சது பத்து நிமிஷம் தொடர்ச்சியா பண்ணாதான் கணக்குல சேரும்ங்கிற பழைய விதிய எடுத்துருச்சு. வாரத்துக்கு 150லேந்து 300 நிமிஷம் மிதமா, இல்லன்னா 75லேந்து 150 நிமிஷம் வேகமாங்கிற அளவு அப்படியே இருக்கு, அத எப்படிப் பிச்சுப் பிச்சு சேர்த்தாலும் சரி.

இப்ப கொஞ்சம் கஷ்டமான பக்கம்.

எங்கப்பா 56 வயசுல ஹார்ட் அட்டாக்ல போனாரு. பால் வெட்டுன ஆளு. விடியக்காலம் பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்குற நேரத்துக்கு) எந்திரிச்சா, நெத்தியில விளக்க கட்டிக்கிட்டு நிரை நிரையா போவாரு, ஒரு ஆளுக்கு 500, 600 மரம் இருக்கும், ஒவ்வொரு மரத்துக்கும் குனிஞ்சு, உளிய வெச்சு பட்டைய சீவி, மங்க (பால் பிடிக்கிற கிண்ணத்த) சரி பண்ணி அடுத்த மரம், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சாகணும், ஏன்னா குளுமையில இருக்கும்போதுதான் மரம் பால் நல்லா ஊத்தும். அப்புறம் திரும்பப் போயி மங்கு மங்கா வாளியில ஊத்தி, காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் வாளிய மாட்டி தோள்ல வெச்சு, மேடு பள்ளம் தாண்டி ஸ்டோருக்கு தூக்கிட்டு வரணும். அந்தத் தோள் தோலு காய்ச்சுப் போயி கல்லு மாதிரி இருக்கும், நான் சின்னப்பிள்ளையில அமுக்கிப் பார்ப்பேன். எழவு வீட்டுல வந்தவங்க எல்லாம் ஒரே வார்த்தை, "உழைச்ச உடம்பாச்சே, இவருக்கு எப்படி?"

அந்தக் கேள்விய நான் ரொம்ப வருஷம் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன். ஏன்னா புத்தகத்துல படிச்சது அப்படித்தான், உடம்ப அசைச்சு வேலை செய்றவனுக்கு இருதயம் நல்லா இருக்கும்னு. இந்தத் துறையோட முதல் பெரிய ஆதாரமே அதுதானே. ஜெரமி மோரிஸ்னு ஒரு டாக்டர், லண்டன் மாடி பஸ்ல வேலை செஞ்ச ஆளுங்கள ஆராய்ச்சி பண்ணி 1953ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதுனாரு. ஒரே பஸ்ஸு, ஒரே குடும்பப் பின்னணி, டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருக்காரு, கண்டக்டர் டிக்கெட் குடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குறாரு, நூத்துக்கணக்குல படி. கண்டக்டருக்கு ஹார்ட் அட்டாக் குறைவு, வந்தாலும் பொழைக்கிற வாய்ப்பு அதிகம். அப்ப கருவி ஒண்ணும் கிடையாது, பதிவேடுங்கதான். மோரிஸ் தானே தினமும் உடற்பயிற்சி செஞ்சு 99 வயசு வரைக்கும் இருந்தாரு, 2009லதான் போனாரு.

அப்ப எங்கப்பா? டென்மார்க்ல ஆண்ட்ரியாஸ் ஹோல்ட்டர்மன்னு ஒருத்தர் இந்த முரண்பாட்டதான் வருஷக்கணக்கா தோண்டுறாரு. 2021ல அவரு குழு கோப்பன்ஹேகன் பக்கம் 1,04,046 பேரோட தகவல வெச்சு ஒண்ணு வெளியிட்டுச்சு. ஓய்வு நேரத்துல அசையிறவங்களுக்கு இருதய வியாதி குறைஞ்சுக்கிட்டே போகுது, ஆனா வேலையில அதிகமா உடம்ப வருத்துறவங்களுக்கு ஏறிக்கிட்டே போகுது. அவரு சொல்ற காரணம் எனக்கு அப்படியே எங்க தோட்டத்து லயத்துக் கதையா தெரியுது. வேலைன்னா ஒரு நாளைக்கு ஆறு மணி எட்டு மணி நேரம், இருதயத்த பலப்படுத்துற அளவுக்கு வேகம் இருக்காது, ஆனா நாள் பூரா நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறியே இருக்கும், கனம் தூக்கும்போது பிரஷர் இன்னும் எகிறும், நடுவுல தேறிக்க நேரம் கிடைக்காது, நம்ம இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. ஓய்வு நேரத்துல நடக்குறவன் களைச்சா உக்காருவான். பால் வெட்டுறவன் உக்காந்தா அன்னிக்கு சம்பளம் போச்சு.

இதுலயும் ஒரு எதிர்க்கட்சி இருக்கு. 17 நாட்டுல 1,30,000 பேர வெச்சு நடந்த பியூர் ஆய்வு, அதுல நம்ம மலேசியாவும் ஒரு நாடு, 2017ல லான்செட்ல வந்துச்சு, அதுல வேலையில வர்ற அசைவு, வீட்டு வேலை, நடந்து போறது, எல்லாமே நல்லதுதான்னு வந்துச்சு. ரெண்டுல எது சரினு கேட்டா, என் கருத்து இது: டென்மார்க் முடிவ எடுத்துக்கிட்டு வேலை செய்றதே கெடுதல்னு யாரும் சொல்லக்கூடாது, அதே சமயம் உழைச்சதுனால காப்பாத்தப்பட்டோம்னு நம்ம ஆளுங்க நம்புறதும் ஆபத்து. எங்கப்பாவுக்கு வேலையோட கூட வேற என்னவெல்லாம் இருந்துச்சு? சுருட்டு. கருவாடு, உப்பு. தே தண்ணியில அள்ளிப் போட்ட சீனி. பிரஷர் இருக்கானு ஒரு தடவ கூட பார்த்ததில்ல. நாலு மணி நேரத் தூக்கம். இதெல்லாத்தயும் பால் வாளி தூக்கி ஈடு கட்ட முடியாது.

இந்த நாட்டுல கணக்கு என்ன சொல்லுதுனா, இருதய வியாதி ரொம்ப வருஷமா மரணத்துக்கு முக்கிய காரணங்கள்ல ஒண்ணு. 2023 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு கொலஸ்ட்ரால், 29 சதவீதம் பேருக்கு பிரஷர், கிட்டத்தட்ட 16 சதவீதம் பேருக்கு சர்க்கரை. 2019 ஆய்வுல இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா சர்க்கரை 31 சதவீதத்துக்கும் மேல, மூணு பேர்ல ஒருத்தர்னு வெச்சுக்கலாம். 52 நாட்டு இண்டர்ஹார்ட் ஆய்வுல தெற்காசியாவுல முதல் அட்டாக் வர்ற சராசரி வயசு 53, மத்த இடத்துல 59 கிட்ட. எங்கப்பா 56. நடுவுல விழுந்தாரு.

தோட்டத்த விட்டு தாமானுக்கு வந்த தலைமுறைய நினைச்சா இன்னும் பயமா இருக்கு. அந்த சுமையும் போச்சு, அசைவும் போச்சு, சாப்பாடு மட்டும் அப்படியே, இல்ல கூடுதலா. முன்ன பால் வெட்டுனவரு இப்ப கொண்டோமினியத்துல செக்யூரிட்டி, பன்னெண்டு மணி நேரம் நாற்காலி. அவரு மகன் லாரி, இல்லன்னா ஃபேக்டரியில மெஷின் முன்னால. கடைக்கு அரை கிலோமீட்டர் போறதுக்கும் மோட்டார். நான் யாரையும் குறை சொல்லல, நடக்குறதுக்கு நடைபாதையே இல்லாத ரோட்டுல, மத்தியான வெயில்ல, நாய் துரத்துற தாமான்ல எப்படி நடப்பாங்க. ஆனா உடம்பு அத கேக்காது.

இங்கதான் வாட்ச் வருது. இப்ப ஷாப்பி ஆன்லைன் கடையில நூறு வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) கிடைக்குது, பேரன் வாங்கி கட்டி விட்டுடுறான். எங்க எதிர்வீட்டுப் பெரியம்மா, எழுபது தாண்டிருச்சு, அவங்க கையிலயும் ஒண்ணு. ஒரு நாள் சாயந்தரம் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு கைய நீட்டி காட்டுறாங்க, முகம் வாடிப் போயி, "இதப் பாரு தம்பி, நாலாயிரத்து சொச்சம்தான், பத்தாயிரம் வரணுமாமே, என்னால முடியலயே, அப்ப நான் சீக்கிரம் போயிடுவேனா?" அந்த சின்னத் திரையில வட்டம் ஒண்ணு பாதி கூட நிறையாம இருந்துச்சு. வாட்ச் பட்டி ரொம்ப லூசா கட்டியிருந்ததுல மணிக்கட்டுக்குக் கீழ வழிஞ்சு கிடந்துச்சு, தோசை மாவு காஞ்சு ஒட்டியிருந்துச்சு ஓரத்துல.

அவங்ககிட்ட சொன்னத உங்களுக்கும் சொல்றேன். அந்தப் பத்தாயிரம் டாக்டருங்க கண்டுபிடிச்ச எண் இல்ல. 1964 தோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூட்டுல ஜப்பான்ல ஒரு கம்பெனி 1965ல நடை எண்ணுற கருவி ஒண்ணு விக்க ஆரம்பிச்சுது, அதோட பேரே பத்தாயிரம் அடி மீட்டர்ங்கிற மாதிரி வரும். விளம்பரத்துக்கு நல்லா இருந்துச்சு, உலகம் பூரா பரவிருச்சு. ஆராய்ச்சி பின்னாலதான் வந்துச்சு. ஹார்வர்ட்ல ஐ-மின் லீங்கிற ஆராய்ச்சியாளர், அமெரிக்காவுல சராசரி 72 வயசுல இருக்குற 16,741 பொம்பளைங்களுக்கு இடுப்புல கருவி கட்டி பார்த்து 2019ல வெளியிட்டாங்க. தினம் 2,700 அடி நடந்தவங்களோட ஒப்பிட்டா 4,400 அடி நடந்தவங்க சாகுற வாய்ப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 வரைக்கும் நன்மை ஏறிக்கிட்டே போயி அப்புறம் அப்படியே நின்னுடுது. 2022ல 15 ஆய்வ ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்பயும் 60 வயசு தாண்டினவங்களுக்கு ஆறாயிரத்துலேந்து எட்டாயிரத்துல அந்த நன்மை நிலைச்சு நிக்குது. பெரியம்மா வயசு, அவங்க எண்ணிக்கை, ரெண்டும் அந்த 41 சதவீத கூட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு. இத சொன்னதும் அவங்க திரும்ப ஒரு தடவ அந்த வாட்ச பார்த்தாங்க பாருங்க, அதுக்கு அப்புறம் நான் சொன்ன எதுவும் அவங்க காதுல விழுந்த மாதிரி தெரியல.

ஆனா விழ வேண்டியது அடுத்த பகுதிதான். எண்ணிக்கை மட்டும் பார்க்காம, தினம் மூணு நாலு தடவ கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கணும். எப்படித் தெரியும்? பேச்சுதான் அளவுகோல். நடக்கும்போது பேச முடியும், ஆனா பாட முடியாதுனா மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு இழுக்க வேண்டியிருந்தா அது வேகமான அசைவு, ஸ்டமட்டாக்கிஸ் கருவி பிடிச்ச அந்த ஒரு நிமிஷம் இதுதான். மார்க்கெட்லேந்து வர்ற மேட்ட கடைசி அம்பது அடி மட்டும் கொஞ்சம் வீசி நடங்க. மலைக்கோயிலுக்குப் போனா ஒரு பகுதி படிய நிக்காம ஏறிப் பாருங்க. பேரனோட பந்து விளையாடுங்க. புதுசா அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க, நெஞ்சு வலி இருக்குறவங்க இத தானா ஆரம்பிக்கக்கூடாது, முதல்ல டாக்டர்கிட்டயும் எங்கள மாதிரி ரீஹேப் ஆளுங்ககிட்டயும் வாங்க. நாங்க முப்பது மீட்டர் காரிடார்ல ரெண்டு கோன் வெச்சு ஆறு நிமிஷம் நடக்க விட்டுப் பார்ப்போம், எவ்வளவு தூரம், நாடி எவ்வளவு, எங்க களைக்கிறீங்கனு. அதுக்கப்புறம்தான் வேகம்.

வாட்ச்ல நாடித்துடிப்பு காட்டுறத பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. பின்பக்கம் பச்சை லைட் ஒண்ணு மினுக்கும் பார்த்திருப்பீங்க, ரத்தம் பச்சை ஒளிய உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வர்ற ஒளியும் மாறும், அத எண்ணிதான் சொல்லுது. கருப்புத் தோலுக்கு இது சரியா வேலை செய்யுமானு நம்ம ஆளுங்க கேக்குறது நியாயமான கேள்வி. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் கருப்புத் தோல்ல தப்பா அதிகமா காட்டுதுனு 2020ல அமெரிக்காவுல தெளிவா வந்துச்சு. நாடித்துடிப்புக்கு, அதே வருஷம் டியூக் பல்கலைக்கழகத்துல எல்லா நிறத்து ஆளுங்களயும் வெச்சு சோதிச்சதுல தோல் நிறத்தால பெரிய வித்தியாசம் வரல, ஆனா கருவிக்குக் கருவி வித்தியாசம் இருந்துச்சு, சும்மா இருக்கும்போத விட அசையும்போது பிழை சராசரியா 30 சதவீதம் கூடுச்சு. அதனால எண்ணிக்கைய கொஞ்சம் சந்தேகத்தோடயே பாருங்க, பட்டிய மணிக்கட்டு எலும்புக்கு மேல ஒரு விரல் தள்ளி இறுக்கமா கட்டுங்க, பெரியம்மா மாதிரி தொங்க விடாதீங்க.

இன்னொரு விஷயம், இது எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பிசோப்ரோலோல் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நாடி வேணும்னே மெதுவாக்கப்பட்டிருக்கு. வாட்ச் வயச வெச்சு கணக்கு போட்டு "உங்க வேகம் பத்தாது, இன்னும் ஏத்துங்க"னு சொல்லும். அத நம்பி ஓடக்கூடாது. மாத்திரையால நாடி ஏறாது, இருதயம் ஏற்கனவே வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும். அந்த ஆளுங்களுக்கு பேச்சு அளவுகோல்தான்.

நாடி ஒழுங்கில்லாம துடிக்குதுனு சில வாட்ச் எச்சரிக்கை குடுக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்றது, ஸ்ட்ரோக்குக்கு ஒரு பெரிய காரணம். ஆப்பிள் கம்பெனியோட சேர்ந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 4,19,297 பேர வெச்சு பண்ண ஆய்வு 2019ல வந்துச்சு. எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான், அதுல இசிஜி பட்டை ஒட்டித் திருப்பி அனுப்புனவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு நிஜமாவே அந்தக் கோளாறு பதிவாச்சு. எச்சரிக்கை வந்தா பயந்து சாகவும் வேணாம், அலட்சியமாவும் விடாதீங்க, கிளினிக் போயி ஒரு இசிஜி எடுங்க. ஆனா ஹார்ட் அட்டாக்க இந்த வாட்ச் எதுவும் கண்டுபிடிக்காது. நெஞ்ச அமுக்குது, இடது கை, தாடை இழுக்குது, திடீர்னு வேர்த்து கொட்டுது, பொம்பளைங்களுக்கு சில நேரம் வெறும் களைப்பும் குமட்டலும்தான், அந்த நேரத்துல வாட்ச்ல எல்லாம் நல்லா காட்டுதேனு உக்காராதீங்க, காத்து பிடிச்சிருக்கும்னு தைலம் தேய்ச்சுக்கிட்டும் இருக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க.

பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூணும் இந்த மாதிரி வாட்ச்ல நம்புற அளவுக்குத் தெரியாது, ரத்தம் எடுக்கணும், கையில பட்டி கட்டி பார்க்கணும். அரசாங்க உதவித்தொகை வாங்குற குடும்பத்துல 40 வயசு தாண்டினவங்களுக்கு பெக்கா பி40 திட்டத்துல இலவசமா இதெல்லாம் பார்க்குறாங்க, பக்கத்துல இருக்குற கிளினிக்ல கேளுங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் தகுதி இருந்தும் போறதில்ல, ஏதாவது இருக்குனு சொல்லிட்டா என்ன பண்றதுங்கிற பயம்தான்.

கடைசியா ஒரு ஆதங்கம். அசைவ பத்தி நான் மேல சொன்ன எண்ணெல்லாம் பெரும்பாலும் பிரிட்டன், கோப்பன்ஹேகன், அமெரிக்கா. பியூர்ல மலேசியா இருந்தாலும் அங்க அசைவ கேட்டது கேள்வித்தாள் வழியா, அப்ப அந்த சைபர் பிரச்சனை அங்கயும் வந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. செம்பனைக் காட்டுல உதிரிப்பழம் பொறுக்குற ஒரு அம்மாவோட மணிக்கட்டுல அந்தத் திரையில்லாத கருவிய ஏழு நாள் கட்டினா என்ன வரும்? குனியிறது, தூக்குறது, வெயில், நடுவுல கிடைக்கிற ஓய்வு, வீட்டுக்கு வந்து திரும்ப வேலை. அது அவங்க இருதயத்துக்கு காவலா, சுமையா? ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் அந்த அசைவு எவ்வளவு வேகமா சரியுது? வேலை நேரத்தயும் ஓய்வு நேரத்தயும் தனித்தனியா பிரிச்சு, பிரஷரயும் கூடவே 24 மணி நேரம் அளந்தா, எங்கப்பா கேள்விக்கு பதில் கிடைக்கும். ராக்கெட் விடுற செலவில்ல. பல்கலைக்கழகத்துல இருக்குற நம்ம பிள்ளைங்க யாராவது இத படிச்சா, மாஸ்டர்ஸ் பிஎச்டிக்கு தலைப்பு தேடிக்கிட்டு இருந்தா, எனக்கு எழுதுங்க. எங்க ஊரு லிந்தாங் ரோட்டுலேந்து ஆரம்பிச்சு வீடு வீடா கதவு தட்டி ஆள் சேர்க்குறதுக்கு நான் கூட வர்றேன், எதிர்வீட்டுப் பெரியம்மாவும் கைய நீட்டுறேன்னு சொல்லியிருக்காங்க.